பூத்துக்காரர் இல்லாத ஊரில்



மதுரை மாவட்டத்து எழுமலையிலிருந்து ஒரு அஞ்சல் அட்டை வந்திருக்கிறது. சொன்னது பாட்டி, எழுதியது பேத்தி. அப்படியே தருகிறேன்: "எம் மகன் துபாயில கட்டட வேலை பாக்குறான். வாட்ஸ்அப்புல கூப்பிட்டா ரிங் போகுது, எடுத்தா சத்தம் வரமாட்டேங்குது. நேரா நம்பரப் போட்டுப் பேசுனா பத்து நிமிசத்துல நூறு ரூவா காலி. எங்க தெருவுல ஒரு பையன் அமெரிக்காவுல இருக்கான். அவுக வீட்டுல தெனமும் ஒரு மணி நேரம் பேசுறாக. துபாய விட அமெரிக்கா தூரந்தான? எங்களுக்கு மட்டும் ஏன் காசு கூடப் போகுது?"

கேள்வி நியாயமானது. ஒரு வரியில் பதில் எழுதி அனுப்பிவிட எனக்கு மனம் வரவில்லை. எழுமலை, உசிலம்பட்டி, பேரையூர் சுற்றுவட்டாரத்தில் வெளியூர்ப் பிழைப்பு இல்லாத தெரு அபூர்வம். மானாவாரி நிலம், மழை ஏமாற்றினால் பஸ் ஏறத்தான் வேண்டும். முறுக்கு வியாபாரத்துக்கு ஆந்திராவுக்கும் வடநாட்டுக்கும் போனவர்கள் நிறைய. பிறகு பாஸ்போர்ட் எடுத்து துபாய், சவுதி, சிங்கப்பூர், மலேசியா என்று கிளம்பினார்கள். இன்று மதுரையிலிருந்தே துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் விமானம் இருக்கிறது. போய்ச் சேர்வது எளிதாகிவிட்டது, பேசுவதில்தான் இன்னும் சிக்கல். ஆகவே இந்த மாதம் இந்தப் பக்கம் முழுக்க அந்தப் பாட்டிக்கான பதில். அவரைப் போல எழுதாமல் இருக்கும் பலருக்கும் சேர்த்து.

கொஞ்சம் பழைய கதையிலிருந்து தொடங்க வேண்டும். எண்பதுகளில் வளைகுடாவுக்குப் போனவருக்கும் வீட்டுக்கும் இடையே இருந்தது ஏர்மெயில்தான். எழுதப் படிக்கத் தெரியாத வீடுகளில் தபால்காரரே கடிதத்தைப் படித்துக் காட்டினார். அடுத்தவர் படிக்கப்போகும் கடிதத்தில் எதை எழுதலாம், எதை எழுதக்கூடாது என்று மனைவிமாருக்கு ஒரு கணக்கு இருந்தது. குரலைக் கேட்க ஆசைப்பட்டவர்கள் கேசட்டில் பேசிப் பதிவு செய்து, லீவில் ஊருக்கு வருகிறவர் பெட்டியில் கொடுத்தனுப்பினார்கள். டேப்ரிக்கார்டர் இருந்த வீட்டுத் திண்ணையில் சொந்தபந்தம் கூடி அதைக் கேட்கும். பதிலைக் கேசட்டின் மறுபக்கத்தில் பேசித் திருப்பி அனுப்புவார்கள்.

போன் இருந்ததெல்லாம் ரைஸ்மில்லில், டாக்டர் வீட்டில், பெரிய கடைகளில். கல்யாணப் பத்திரிகையிலும் லெட்டர்பேடிலும் எண்ணுக்குப் பக்கத்தில் 'பி.பி.' என்று போட்டிருப்பார்கள். பக்கத்துக் கடைக்காரர் போன் அது. கூப்பிட்டால் ஆள் அனுப்பி அழைத்து வருவார். நம்பரைச் சுழற்றினால் நேரே வெளியூர் கிடைக்கும் எஸ்.டி.டி. வசதி 1960இல் கான்பூருக்கும் லக்னோவுக்கும் இடையே வந்தது. 1976இல் மும்பையிலிருந்து லண்டனுக்கு ஐ.எஸ்.டி. வந்தது. நம் பக்கத்துச் சிற்றூர்களில் அதற்குப் பிறகும் பல வருடம் டிரங்க்கால் புக் செய்துவிட்டுக் காத்திருந்தார்கள்.

அந்தக் காத்திருப்பை முடித்துவைத்ததில் பெரிய பங்கு சி-டாட் என்ற அரசு ஆராய்ச்சி நிறுவனத்துக்கு உண்டு. 1984 ஆகஸ்டில் அது தொடங்கப்பட்டது. சாம் பிட்ரோடாவின் பெயரை அதோடு சேர்த்தே எல்லோரும் சொல்வார்கள். கிராமத்து வெயிலையும் தூசியையும் தாங்கக்கூடிய, ஏ.சி. அறை கேட்காத, 128 இணைப்புக்கான சிறிய எக்ஸ்சேஞ்சை அங்கே வடிவமைத்தார்கள். முதலாவது 1986இல் கர்நாடகத்தின் கிட்டூரில் நிறுவப்பட்டது. அந்த வகை எக்ஸ்சேஞ்சுகள் ஊர் ஊராகப் பரவிய பிறகுதான் பஸ் ஸ்டாண்டு தோறும் எஸ்.டி.டி., ஐ.எஸ்.டி., பி.சி.ஓ. என்ற மஞ்சள் போர்டுகள் முளைத்தன.

போர்டு வந்தது, விலை இறங்கவில்லை. தொண்ணூறுகளில் வெளிநாட்டுக்கு ஒரு நிமிடம் பேச ஐம்பது, அறுபது ரூபாய் ஆனது. மூன்று நிமிடம் பேசினால் ஒரு ஆளின் இரண்டு மூன்று நாள் கூலி. இதற்கு இரண்டு காரணங்கள். வெளிநாட்டு அழைப்பு முழுவதும் 1986இல் உருவான வி.எஸ்.என்.எல். என்ற ஒரே நிறுவனத்தின் கையில் இருந்தது, போட்டி கிடையாது. இன்னொன்றைப் பலர் அறிந்திருக்க மாட்டார்கள். உள்ளூர் அழைப்பையும் மாத வாடகையையும் குறைவாக வைத்துவிட்டு, அந்த நட்டத்தை எஸ்.டி.டி.யிலும் ஐ.எஸ்.டி.யிலும் வசூலித்தார்கள். மதுரை நகரத்தில் வீட்டுக்குள் போன் வைத்திருந்தவரின் மலிவான உள்ளூர்ப் பேச்சுக்கு, பூத்தில் நின்று துபாய்க்குப் பேசிய கொத்தனாரின் மனைவியும் பணம் கட்டியிருக்கிறார். இதை நினைத்தால் எனக்கு இன்றும் வருத்தமாக இருக்கிறது.

1999இல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் இந்தக் கணக்கைத் திருத்தத் தொடங்கியது. 2002 மார்ச்சோடு வி.எஸ்.என்.எல்.லின் தனியுரிமை முடிந்தது. ஏப்ரல் 1 முதல் கம்ப்யூட்டர் வழியாக வெளிநாட்டுக்குப் பேச அனுமதி கிடைத்தது. பிரவுசிங் சென்டர்களில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு பேசும் கூட்டம் சேர்ந்தது. அதே 2002இல் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே கடலடியில் ஐ2ஐ என்ற கண்ணாடி இழைக் கேபிள் வந்தது, மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல் நீளம். கேபிளில் இடம் தாராளமானதும் நிமிடக் கட்டணம் சரிந்தது. 2015இல் வாட்ஸ்அப்பில் பேசலாம் என்றானது, 2016 நவம்பரில் முகம் பார்த்துப் பேசலாம் என்றானது. அந்த ஆண்டு செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா விலையை உடைத்திருந்தது. ஐம்பது ரூபாய்ச் சமாச்சாரம் ஏறக்குறைய இலவசம் ஆகிவிட்டது.

இனி பாட்டியின் கேள்வி.

நாம் ஒரு நாட்டுக்கு நேரடியாக நம்பர் போட்டுக் கூப்பிட்டால், அந்த அழைப்பை வாங்கி உரியவர் போனில் சேர்ப்பதற்கு அந்த நாட்டுக் கம்பெனி நிமிடத்துக்கு இவ்வளவு என்று நம் கம்பெனியிடம் வாங்கிக்கொள்ளும். அமெரிக்காவில் போட்டி அதிகம், அந்தத் தொகை மிகக் குறைவு. ஐக்கிய அரபு அமீரகத்தில் எடிசலாட், டூ என்று இரண்டே கம்பெனிகள், இரண்டிலும் அரசுக்குப் பங்கு இருக்கிறது. அங்கே அந்தத் தொகை கூடுதல். கட்டணத்தை முடிவு செய்வது கிலோமீட்டர் கணக்கு கிடையாது, மறுமுனையில் எத்தனை கடைகள் இருக்கின்றன என்பதுதான். 2024 அக்டோபரில் ஜியோ அறிவித்த ஐ.எஸ்.டி. பேக்குகளைப் பாருங்கள். அமெரிக்கா, கனடாவுக்கு 39 ரூபாயில் 30 நிமிடம். சிங்கப்பூர், மலேசியாவுக்கு 49 ரூபாயில் 15 நிமிடம். அமீரகம், சவுதி, குவைத், பஹ்ரைனுக்கு 99 ரூபாயில் 10 நிமிடம். அமெரிக்காவில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் பிள்ளையோடு பேச நிமிடத்துக்கு ஒன்றேகால் ரூபாய் சொச்சம். வெயிலில் சாரம் கட்டும் பிள்ளையோடு பேச ஏறக்குறைய பத்து ரூபாய். பாட்டி போட்ட கணக்கு அச்சாகச் சரி. வளைகுடா நாடுகளில் ஏறக்குறைய 90 லட்சம் இந்தியர்கள் இருக்கிறார்கள். அவர்கள் வீடுகளில் எல்லாம் இதே கணக்குத்தான்.

நம் பக்கம் வாங்கும் தொகை இப்படி இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். வெளிநாட்டிலிருந்து வரும் அழைப்பை இங்கே சேர்க்க நம் கம்பெனிகள் வாங்குவது, 2020 மே முதல் நிமிடத்துக்கு 35 பைசாவிலிருந்து 65 பைசாவுக்குள் என்று டிராய் வரம்பு போட்டிருக்கிறது. இரு நாட்டு அரசுகளும் உட்கார்ந்து பேசினால் அந்தப் பக்கத் தொகையும் குறையும். தொழிலாளர் ஒப்பந்தம், விமான சேவை என்று எத்தனையோ பேசுகிறார்கள். போன் கட்டணமும் அந்த மேசைக்கு வர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

வாட்ஸ்அப்பில் ரிங் போயும் சத்தம் வராததற்குக் காரணம் பாட்டியின் போன் பழுது என்று யாரும் சொல்லிவிட வேண்டாம். அமீரகத்தில் வாட்ஸ்அப் அழைப்புக்கு அனுமதி இல்லை. அனுமதி பெற்ற செயலிகளில்தான் பேச முடியும். நம் ஆட்கள் அதிகம் பயன்படுத்துவது போட்டிம். அதை மகனும் தன் போனில் வைத்திருக்க வேண்டும், பாட்டி வீட்டுப் போனிலும் ஏற்றியிருக்க வேண்டும். ஒரு முனையில் மட்டும் இருந்தால் பேச முடியாது. ஜூம், மைக்ரோசாஃப்ட் டீம்ஸ் போன்றவற்றுக்கும் அங்கே அனுமதி உண்டு. சவுதி 2017 செப்டம்பரில் பல செயலிகளுக்குத் தடையை நீக்கியது. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இந்தத் தொல்லை கிடையாது.

ஒரு எச்சரிக்கை. "வி.பி.என். போட்டா வாட்ஸ்அப்பே பேசலாம்டா" என்று ரூமில் கூட இருப்பவர்கள் சொல்லிக் கொடுப்பார்கள். தடை செய்யப்பட்டதைச் செய்ய வி.பி.என். பயன்படுத்தினால் அமீரகச் சட்டத்தில் 5 லட்சம் திர்ஹாமிலிருந்து 20 லட்சம் திர்ஹாம் வரை அபராதம் இருக்கிறது. உள்ளே போகவும் நேரலாம். கடன் வாங்கி விமானம் ஏறிய பிள்ளைக்கு இந்த ஆபத்து வேண்டாம்.

அழைப்புக்குத்தான் தடை. வாட்ஸ்அப்பில் குரலைப் பதிவு செய்து அனுப்புவதற்கு அங்கே தடை இல்லை. மகன் டூட்டியில் இருந்தாலும், ரூமில் நாலு பேர் தூங்கிக்கொண்டிருந்தாலும், பாட்டி தன் பாட்டுக்குப் பேசி அனுப்பிவிடலாம். ஓய்வில் அவன் கேட்டுக்கொள்வான். கேசட் காலத்துப் பழக்கம் இது, பாட்டிக்குப் புதிதாக இருக்காது.

இத்தனையும் எழுதிவிட்டேன். ஆனால் இதையெல்லாம் பாட்டிக்குச் செய்து கொடுப்பது யார்?

சமீபத்தில் எழுமலைக் கடைத்தெருவில் ஒரு செல்போன் ரீசார்ஜ் கடையில் கொஞ்ச நேரம் நின்றிருந்தேன். எழுபது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மா வந்தார். சேலைத் தலைப்பில் முடிந்திருந்த துண்டுக் காகிதத்தைப் பிரித்து, பட்டன் போனோடு நீட்டினார். "தம்பி, இந்த நம்பர் விழமாட்டேங்குதுய்யா." மகன் வாயால் சொல்ல யாரோ எழுதிக் கொடுத்த எண். 00971 என்று தொடங்கி அடுத்து ஒரு பூஜ்யம், அதற்கு அடுத்து 50 என்று போயிற்று. கடைப் பையன் பார்த்தவுடனே, "அப்பத்தா, நடுவுல இருக்க சைபர எடுத்துரணும். அது அந்த ஊருக்குள்ள பேசும்போது போடுறது" என்று பேனாவால் அடித்துத் திருத்தி, போனிலும் பதிந்து கொடுத்தான். பிறகுதான் அவர் போனில் ஐ.எஸ்.டி. வசதியே இல்லை என்பது தெரிந்தது. அதற்கும் வழி சொன்னான். இருபது நிமிடம் ஆயிற்று. காசு வாங்கவில்லை. அந்த எண் எத்தனை நாளாக விழாமல் இருந்ததோ, அந்த அம்மா எத்தனை பேரிடம் நீட்டினாரோ!

அந்தப் பையனைப் பார்த்தபோது பழைய பூத்துக்காரர்கள் நினைவு வந்தது. மாற்றுத்திறனாளிகளுக்கும் முன்னாள் ராணுவத்தினருக்கும் முன்னுரிமை கொடுத்து அரசு பூத்துகளை ஒதுக்கிய காலம் அது. கண்பார்வை இல்லாதவர்கள் விரலாலேயே பட்டனை எண்ணி நம்பர் போட்டுக் கொடுத்ததை மதுரையில் பலரும் பார்த்திருப்பார்கள். கண்ணாடிக் கூண்டுக்குள் போனவர் காதில் ரிசீவரும் கண்ணில் சிவப்பு எண்களுமாக நிற்பார். மீட்டர் ஓட ஓடப் பேச்சு வேகமெடுக்கும். வெளியே வந்ததும் சின்னத் துண்டில் பில். இதெல்லாம் தொழில். தொழிலுக்கு மேலே பூத்துக்காரர் செய்தது நிறைய. நம்பரைப் படித்துப் போட்டார். நாட்டுக் கோடு தெரிந்து வைத்திருந்தார். இரவு ஏற ஏற உள்நாட்டுக் கட்டணம் பாதி, கால் என்று குறையும் என்பதால், "இப்பப் பேசாதீங்க, சாப்பிட்டு வாங்க" என்று திருப்பி அனுப்பினார். துபாயிலிருந்து போன் வந்தால், "பத்து நிமிசம் கழிச்சுக் கூப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு, சைக்கிளில் பையனை அனுப்பி வீட்டாரை அழைத்து வரச் சொன்னார். சாவுச் செய்தி வந்தால் நேரே சொல்லாமல், பெரியவர் யாரையாவது கூட்டிவரச் சொல்லும் பக்குவமும் அவருக்கு இருந்தது.

செல்போன் வந்து அந்தக் கூண்டுகள் காலியானபோது பேச்சு மலிவானதே என்று நாம் மகிழ்ந்தோம். மகிழ வேண்டியதுதான். கூடவே அந்த உதவியும் போய்விட்டது. அன்று பேச வேண்டுமானால் காசு வேண்டும், மீதியைப் பூத்துக்காரர் பார்த்துக்கொண்டார். இன்று காசு குறைவு. ஆனால் ஸ்மார்ட்போன் வேண்டும், டேட்டா வேண்டும், எந்த நாட்டில் எந்தச் செயலி ஓடும் என்ற விவரம் வேண்டும், ஓ.டி.பி. வந்தால் எதற்கு என்று படிக்கத் தெரிய வேண்டும். அத்தனையும் எழுபது வயது அம்மாவின் தலையில் விழுந்திருக்கிறது. மலிவு விலையின் முழுப் பலனும் படித்த பிள்ளை இருக்கும் வீட்டுக்குப் போகிறது. பட்டன் போன் வீடு பத்து ரூபாய் நிமிடத்திலேயே நிற்கிறது.

இதில் ஏமாற்றுக்காரர்களும் புகுந்திருக்கிறார்கள். வெளிநாட்டுக் கோடோடு ஒரே ஒரு ரிங் அடித்து நிற்கும். பிள்ளைதான் யார் போனிலிருந்தோ கூப்பிட்டானோ என்று பதறித் திருப்பிக் கூப்பிட்டால் காசு கரையும். மகன் இருக்கும் நாட்டின் கோடு எது என்பதை வீட்டில் எல்லோரும் மனப்பாடம் செய்து வைப்பது நல்லது: அமீரகம் 971, சவுதி 966, குவைத் 965, கத்தார் 974, ஓமன் 968, பஹ்ரைன் 973, சிங்கப்பூர் 65, மலேசியா 60. "உங்க மகன் பார்சலில் போதைப்பொருள், போலீஸ் பேசுறோம், வீடியோவை அணைக்காதீங்க" என்று யாராவது மிரட்டினால் உடனே வைத்துவிடுங்கள். 'டிஜிட்டல் அரெஸ்ட்' என்று ஒன்று நம் சட்டத்தில் கிடையாது. பணம் போயிருந்தால் தாமதிக்காமல் 1930க்குக் கூப்பிடுங்கள். பேசுகிறவர் வெளிநாட்டில் இருந்தும் போனில் நம் நாட்டு எண் விழுந்தால், 1963 அல்லது 1800 110 420க்குச் சொல்லலாம். திருட்டுத்தனமான எக்ஸ்சேஞ்ச் வழியாக அழைப்பைத் திருப்பிவிடுகிறவர்கள் அப்படித்தான் பிடிபடுகிறார்கள்.

நேரமும் பார்த்துக்கொள்ளுங்கள். துபாய் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால், சவுதி இரண்டரை மணி நேரம் பின்னால், சிங்கப்பூரும் மலேசியாவும் இரண்டரை மணி நேரம் முன்னால். அமீரகத்தில் 2022 ஜனவரியிலிருந்து அரசின் வார விடுமுறை சனி, ஞாயிறு என்று மாறியிருக்கிறது. சைட் வேலை பார்ப்பவர்களுக்கு லீவு எந்த நாள் என்பதைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். நம் ஊரில் இரவுச் சாப்பாடு முடிந்து உட்காரும் நேரத்தில் துபாய்ப் பிள்ளை ரூமுக்குத் திரும்பிச் சமைத்துக்கொண்டிருப்பான்.

இவ்வளவு மலிவாகப் பேச முடிகிற காலத்தில், பேச வேண்டியதைப் பேசிவிட வேண்டும். "சாப்டியா, நல்லாருக்கியா" வேண்டும்தான். அதோடு பாஸ்போர்ட், விசா, வேலை ஒப்பந்தம் மூன்றையும் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். கம்பெனி பெயர், தங்கியிருக்கும் இடம், கூட இருக்கும் ஒருவரின் எண் இவற்றை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். 2024 ஜூன் 12 அன்று குவைத்தில் மங்காஃப் பகுதியில் தொழிலாளர் குடியிருப்பு தீப்பிடித்து நாற்பதுக்கும் மேற்பட்ட இந்தியர்கள் இறந்தார்கள். தமிழ்நாட்டுக்காரர்களும் அதில் இருந்தார்கள். அப்படிப்பட்ட நாளில் பிள்ளை எந்தக் கட்டடத்தில் இருந்தான் என்பதே தெரியாமல் ஒரு வீடு தவிக்கக்கூடாது. தமிழ்நாடு அரசின் அயலகத் தமிழர் நலத் துறையை இங்கிருந்து 1800 309 3793 என்ற கட்டணமில்லா எண்ணில் கூப்பிடலாம். வெளிநாட்டிலிருந்து கூப்பிட 91 80 6900 9900, 91 80 6900 9901. மத்திய அரசின் உதவி மையம் 1800 11 3090. சுவரில் காலண்டருக்குப் பக்கத்தில் எழுதி வையுங்கள், கூடவே மகனுக்கும் அனுப்பிவிடுங்கள்.

எழுமலைப் பக்கத்து இளைஞர்களுக்கும் கல்லூரிப் பிள்ளைகளுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் தெருவில் வெளிநாட்டில் ஆள் இருக்கும் வீடுகள் உங்களுக்குத் தெரியும். அதில் பட்டன் போன் வீடு எது, பாட்டி மட்டும் இருக்கும் வீடு எது என்பதும் தெரியும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த வீடுகளுக்குப் போங்கள். எண் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். செயலியை ஏற்றி, மகனின் படத்தை எண்ணோடு சேர்த்து வையுங்கள். படிக்கத் தெரியாதவரும் முகத்தைத் தொட்டுக் கூப்பிடுவார். ஸ்மார்ட்போன் இல்லாத வீடாக இருந்தால், வாரம் ஒரு நாள் உங்கள் போனைக் கொடுத்துவிட்டு வாசலில் நில்லுங்கள். மகளிர் குழுக்களும் நூலகங்களும் இதை முறையாகவே எடுத்துச் செய்யலாம். எந்த ஊரில் யார் தொடங்கினாலும் எங்களுக்கு எழுதுங்கள். அடுத்த இதழில் இடம் ஒதுக்கி வைத்திருக்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்